தேவகோட்டைக்குத் தெற்கே இடிந்து கிடக்கும் கோயில்: அருளானந்தர் கட்டியதா?

கேள்வி, 2022 செப்டம்பர் 3

தேவகோட்டையிலிருந்து தெற்கே போகும் வழியில், சாலையிலிருந்து உள்ளடங்கிய கருவேலங்காட்டுக்குள் ஓர் இடிந்த தேவாலயம் பார்த்தேன். பக்கச் சுவரில் வளைவு வைத்த வாசல். அதன் மேல் நான்கு முனையும் விரிந்த சிலுவை, சிலுவையின் நடுவில் சிறிய ரோஜா முத்திரை. இரண்டும் போர்த்துக்கீசியர் பாணி. ஆகவே 1690 வாக்கில் புனித அருளானந்தர் கட்டிய கோயிலாகத்தான் இருக்க வேண்டும். படம் இணைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் எழுதவும்.

2022 செப்டம்பர் 4

தெரியும். அது என் அம்மாச்சி ஊர்க் கோயில். பள்ளி விடுமுறை முழுவதும் அங்கேதான் கிடப்பேன். அந்த மணிக்கயிற்றில் தொங்கி உதை வாங்கியிருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே மிச்சமிருக்கும் செங்கலைத் தேடி வண்டி வரும்.

அருளானந்தர் கட்டியதில்லை. அந்த 'ஆகவே'தான் என்னை எழுத வைத்தது. லிஸ்பனில் 1647இல் பிறந்த அந்த மனிதர் மறவர் சீமையில் பண்டாரசாமியாகக் காவி உடுத்திக் காட்டுக்குள் ஒளிந்து பூசை வைத்தவர். 1686இல் பிடித்து வதைத்தார்கள். விட்ட பிறகு ஐரோப்பாவுக்குப் போய், சும்மா இராமல் திரும்பி வந்தார். மறவர் சீமை இளவரசர் தடியத்தேவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஞானஸ்நானம் பெற்றவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட இளையவள் கடலாயி, சீமையை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: 1693 பிப்ரவரி 4, ஓரியூர், மணல்மேடு, வெட்டு. இந்த நிலைமையில் இருந்தவர் சூளை போட்டுச் செங்கல் சுட்டு வளைவு வாசல் வைத்துக்கொண்டிருந்தார் என்றா சொல்கிறீர்கள்? அவர் காலத்துக் கோயில்கள் மண் சுவரும் கூரையும்தான். அவற்றையும் சேதுபதியின் ஆட்கள் கொளுத்தினார்கள்.

படத்தில் இருக்கும் சிலுவை பிரெஞ்சுச் சாமியார்கள் காலத்துக் கொத்தனார் கைவேலை. 1900க்கு முன்பின் இருக்கும். சுத்தமான சுண்ணாம்பு வேலை. ஓரம் எவ்வளவு கூர்மை பாருங்கள். இப்படிப் பூச இன்றைக்கு ஆள் கிடையாது.

செப்டம்பர் 4, இரவு

ஆதாரம் கேட்கிறார்கள். ஓடு. அந்தக் கோயிலின் கூரை சீமை ஓடு. உடைந்த ஓடு ஒன்று என் வீட்டுத் துளசித் தொட்டிக்கு முட்டாக இருக்கிறது (கிறிஸ்தவன் வீட்டில் துளசி எதற்கு என்று கேட்காதீர்கள், சளிக்கு). அடிப்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'பாசல் மிஷன்' என்று முத்திரை. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865. அருளானந்தர் தலை போய் 172 வருடம் கழித்து. வேடிக்கை என்னவென்றால் அவர்கள் புரோட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கச் சாமியார் ஓடு வாங்கும்போது வேதப் பிரிவினை பார்க்கவில்லை.

செப்டம்பர் 6

திருச்சி அன்பர் ஒருவர் மடக்கியிருக்கிறார். ஓடு கூரையின் வயதைச் சொல்லும், சுவரின் வயதைச் சொல்லாது. பழைய சுவர் மேல் புது ஓடு போட்டிருக்கலாமே என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். நானே பலருக்குச் சொல்லும் பாடம் அது. கோபத்தில் மறந்துவிட்டேன்.

சுவருக்கு வருவோம். கீழே இரண்டு அடி உயரத்துக்குச் செம்பூராங்கல், அதன் மேல் தட்டையான சின்ன நாட்டுச் செங்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து. இது 1700களிலும் உண்டு, 1800களிலும் உண்டு, பக்கத்து நகரத்தார் வீடுகளின் பின்கட்டிலும் உண்டு. எனவே சுவரை வைத்து வயது சொல்லமாட்டேன். சரித்திரத்தை வைத்து ஒன்று சொல்லலாம். 1773இல் போப்பாண்டவர் அருளானந்தர் இருந்த சேசு சபையையே கலைத்துவிட்டார். அதன் பிறகு மறவர் சீமைக் கோயில்கள் கோவாவிலிருந்து வந்த குருக்கள் கையில் இருந்தன. சபை மீண்டும் உயிர் பெற்று, பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1838இல். உடனே சண்டை. போர்த்துகல் அரசனின் உரிமை என்று கோவாச் சாமியார்கள் ஒரு பக்கம், ரோமாபுரியின் உத்தரவு என்று பிரெஞ்சுச் சாமியார்கள் ஒரு பக்கம். 1886இல் ரோமும் போர்த்துகலும் ஒப்பந்தம் போடும்வரை நம் கிராமத்து ஜனங்கள் சாவி யாரிடம் என்பதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரே ஊரில் இரண்டு கோயில் நிற்பதைப் பார்த்து 'எவ்வளவு பக்தி' என்று வியக்காதீர்கள். பாதி இடங்களில் அது பழைய வழக்கின் மிச்சம்.

எங்கள் ஊரில் ஒரே கோயில்தான். வனத்துச் சின்னப்பர் கோயில். பாம்புக்கடிக்கும் காட்டுப் பயத்துக்கும் நேர்ந்துகொள்ளும் சாமி.

செப்டம்பர் 7

ஏன் இடிந்தது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நேராகச் சொல்கிறேன்: தண்ணீர்.

கோயிலுக்கு மேற்கே ஊருணி. எங்கள் பக்கம் ஊருணி என்றால் குடிப்பதற்கு மட்டும். மாடு இறங்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எப்போதோ தூர்ந்துபோயிற்று. மேலே கண்மாய் நிரம்பினால்தானே கீழே வரும்? சீமைக்கருவேலம் வந்த பிறகு கண்மாய்க்குள்ளேயே காடு. அதற்கிடையில் சாலை போட்டார்கள், பஸ் வந்தது. சாலையோரம் ஆழ்குழாய்க் கிணறு. ஜனங்கள் ஒன்றரை மைல் நகர்ந்து சாலைக்கு வந்துவிட்டார்கள். வீடு நகர்ந்தால் கோயில் நகராதா? சாலையோரம் புதுக் கோயில் எழும்பியது, மணியைக் கழற்றிக்கொண்டு போனார்கள், சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்துக்கொண்டு போனார்கள். பழையது ஆட்டுக்கிடை ஆயிற்று. யார் மேலும் குற்றம் இல்லை. மழை பெய்யாத சீமையில் எல்லாக் கதையும் தண்ணீரில்தான் முடியும்.

செப்டம்பர் 8

மலேசியாவிலிருந்து ஒருவர்: "செட்டியார்கள் கட்டிக்கொடுத்த கோயில் என்று எங்கள் தாத்தா சொல்வார்." முழுதும் கட்டித்தந்தார்களா, தெரியாது. ஆனால் தலைவாசல் நிலைக்கதவு செட்டிநாட்டு வீட்டுக் கதவுதான். பர்மாத் தேக்கு, இரட்டைக் கதவு, வெங்கலக் குமிழ். நிலையின் நெற்றியில் கஜலட்சுமி இருந்த இடத்தை உளியால் சீவிவிட்டு அங்கே ஒரு சிலுவையை ஆணி அடித்திருந்தார்கள். சீவியவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது, இரண்டு யானைகளையும் விட்டுவிட்டார். சிலுவைக்கு இரண்டு யானைகள் தும்பிக்கையைத் தூக்கி நீர் சொரிந்துகொண்டிருக்கும். சிறுவயதில் எல்லாக் கோயிலிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இடைக்காட்டூர்க் கோயிலுக்கு முதல்முறை அழைத்துப் போனபோது, 1894இல் பிரான்சு நாட்டு ரீம்ஸ் பேராலயத்தைப் பார்த்துக் கட்டிய கோயில், ஊரே வாய் பிளக்கிறது, நான் "யானை எங்கே?" என்று கேட்டேனாம்.

அந்தக் கதவு இப்போது இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் தேடிப் பார்த்தேன். யானைகள் நிறைய நிற்கின்றன, எல்லாம் லட்சுமியோடு.

செப்டம்பர் 19

நேற்றுப் போய்விட்டு வந்தேன். பதினோரு வருடம் கழித்து. சரமாரியாகத் திட்ட வேண்டுமென்றால் இந்தக் குறிப்புக்குத் திட்டுங்கள்.

சாலையில் வண்டியை விட்டுவிட்டு நடந்தேன். முள் கீறி வேட்டி கிழிந்தது. தலைவாசல் முகப்பு முழுதாகக் கீழே கிடக்கிறது. கூரை இல்லை. பீடம் இருந்த சுவரில் அரசமரம், இடுப்பளவு தடிமன். தெற்குச் சுவர் மட்டும் நிற்கிறது, அந்தப் பக்கவாசல் வளைவோடு, அந்தச் சிலுவையோடு. கேள்வி கேட்டவர் எடுத்த படம் தூரத்திலிருந்து எடுத்தது. நான் கிட்டப் போனேன்.

சிலுவையில் விரிசல். விரிசலுக்குள் சாம்பல் நிறம். சுண்ணாம்பு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும், சாம்பல் நிறமாக இருக்காது. வண்டிச் சாவியால் சுரண்டினேன். உதிரவில்லை, கிறீச்சிட்டது. சிமெண்டு. சரி, யாரோ பின்னால் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடுவிலிருந்த 'ரோஜா'வைப் பார்த்தேன். விரலை வைத்துத் தடவினேன். ஓரம் அலையலையாக வளைந்து வளைந்து போகிறது. அலுமினியப் பத்துப் பைசா. அந்தக் காலத்துப் பூ விளிம்புப் பத்துப் பைசாவை ஈரச் சிமெண்டில் அழுத்தி எடுத்த அச்சு. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எண்ணின் வளைவுகூடத் தலைகீழாகத் தெரிகிறது.

அதை அழுத்தியவன் நான்.

1986 மே மாதம். அப்போது எனக்கு இருபது வயது. சிவில் டிப்ளமோ இரண்டாம் வருடம் முடித்திருந்தேன். சிலுவையை மாதாந்திரக் காலண்டரில் பார்த்து வரைந்தேன். 'போர்த்துக்கீசியர் பாணி' சிவகாசியில் அச்சானது.

செப்டம்பர் 4ஆம் தேதிக் குறிப்பில் அந்தக் கைவேலையை நானே எவ்வளவு புகழ்ந்திருக்கிறேன் என்று இப்போது படிக்கிறேன். அழிக்கமாட்டேன். கிடக்கட்டும்.

செப்டம்பர் 20

தூங்கவில்லை. முழுதும் எழுதிவிடுகிறேன்.

அந்த வருடம் இளைஞர் மன்றம் சேர்ந்து கோயிலைப் 'புதுப்பித்தோம்'. சிமெண்டு அப்போது சாமானியமாகக் கிடைக்கும் பொருள் இல்லை. 1982இல் பாதிக் கட்டுப்பாடுதான் நீங்கியிருந்தது. அரசு விலைக்குக் கிடைக்கும் லெவி சிமெண்டுக்கு இன்னும் மனுப் போட வேண்டும், வெளிச்சந்தையில் விலை கூடுதல். கோயிலுக்குச் சிமெண்டுப் பூச்சு என்றால் ஊர் நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். கணக்குப் போட்டவன் நான். படித்தவன் அல்லவா?

பழைய பூச்சைக் கொத்தி எடுக்கவே மூன்று நாள். செட்டிநாட்டுப் பூச்சு எப்படி என்று தெரியும்தானே. ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, கடைசியில் வழுவழுவென்று கல்லால் தேய்ப்பு. எங்கள் கோயிலில் முட்டை போட்டார்களோ என்னவோ, ஏழைக் கோயில். ஆனாலும் கொத்தும்போது உளி துள்ளியது. விடமாட்டேன் என்றது சுவர். நாங்கள் விடவில்லை. ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயதான கொத்தனார் இருந்தார். அவரைக் கூப்பிட்டோம். காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். இரண்டு வாரமும் காய்ச்சல். வேலை முடிந்த மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

என்ன செய்துவிட்டோம் என்று படிக்காதவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். செம்பூராங்கல்லும் நாட்டுச் செங்கல்லும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் காயும். சிமெண்டுப் பூச்சு விடாது. ஈரம் உள்ளே நிற்கும், மேலே ஏறும். எங்கள் மண்ணில் உப்பு அதிகம். ஈரம் காய்கிற இடத்தில் உப்பு படிகமாகிச் செங்கலை உள்ளேயிருந்து உடைக்கும். வெளியே பூச்சு விறைப்பாக நிற்கும், தட்டினால் டப்பு டப்பென்று கேட்கும். உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். சுவர் இற்றால் மேலிருக்கும் உத்தரம் இறங்கும், உத்தரம் இறங்கினால் ஓடு சரியும், ஓடு சரிந்தால் மழை உள்ளே. மழை வந்தால் காக்கை எச்சத்தில் அரசம் விதை. மீதியை அரசமரம் பார்த்துக்கொள்ளும்.

1986க்கு முன் அந்தச் சுவர் நூறு வருடமாவது நின்றிருக்கிறது. அதற்குப் பின் முப்பது வருடம்கூடத் தாங்கவில்லை. வாங்கிய டிப்ளமோவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது.

ஆக, செப்டம்பர் 7இல் 'யார் மேலும் குற்றம் இல்லை' என்று எழுதினேனே, அந்த வரியில் ஒரு திருத்தம்.

செப்டம்பர் 23

பத்துப் பைசா நகைச்சுவைகளை நிறுத்திக்கொள்ளுங்கள். 'நாணயமான கொத்தனார்' என்று எழுதியவர் மட்டும் தப்பித்தார்.

அக்டோபர் 2

கேள்வி கேட்டவர் பெருந்தன்மையாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே ஒரு சந்தேகம்: "நாற்பதடி நீளக் கோயிலுக்குத் தலைவாசல் போதாதா? தெற்கில் இவ்வளவு அலங்காரமாக இன்னொரு வாசல் எதற்கு? காற்றுக்காகவா?"

இந்தக் கேள்வி வரக்கூடாது என்று ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

காற்றுக்காக இல்லை. கீழத்தெருவுக்காக. மேலத்தெரு தலைவாசல் வழியாக வரும். கீழத்தெரு பக்கவாசல் வழியாக வந்து, பின்பக்கம் மரக் கிராதிக்கு அந்தப்புறம் உட்காரும். நன்மை (நற்கருணை) வாங்க அவர்கள் கடைசியாக வருவார்கள். இதற்கு எழுதிவைத்த சட்டம் கிடையாது. யாரும் யாரையும் தடுத்ததை நான் பார்த்ததில்லை, தடுக்க வேண்டியிருக்கவில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய திருக்குடும்பக் கோயிலை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். கால்சட்டைக் கால் மாதிரி இரண்டு பகுதி, நடுவில் சுவர், 1910இல் சாமியார்கள் இடித்தார்கள், வழக்கு நீதிமன்றம்வரை போயிற்று. பெரிய கோயில், பெரிய சுவர், அதனால் சரித்திரத்தில் ஏறியது. சின்ன ஊர்களில் சுவர் கட்டக் காசில்லை. ஒரு வாசல் போதுமானதாக இருந்தது.

இப்போது செப்டம்பர் 7ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படியுங்கள். 'ஜனங்கள் சாலைக்கு நகர்ந்தார்கள்' என்று எழுதியிருக்கிறேன். எந்த ஜனங்கள்? முதலில் போனது கீழத்தெரு. 1988இல் சாலையோரப் புறம்போக்கில் கூரை போட்டு ஒரு சிலுவை நட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் சிவகங்கை மறைமாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்திருந்தது. புது மறைமாவட்டம், புதிதாக வந்த இளம் பங்குச் சாமியார், அவர் அந்தக் கூரைக்குள் போய்ப் பூசை வைத்தார். மேலத்தெரு நாலு வருடம் முறைத்துக்கொண்டு பழைய கோயிலில் செபமாலை மட்டும் சொன்னது. பிறகு ஊருணி வற்றியது. பிறகு நாங்களும் சாலைக்குப் போனோம். அங்கே ஒரே வாசல்.

தண்ணீர் பொய் இல்லை. ஆனால் அது இரண்டாவது. நான் அதை முதலில் எழுதினேன்.

அக்டோபர் 3

"ஊர் மானத்தைக் கப்பலேற்றுகிறீர்கள்" என்று தனியே ஒரு செய்தி வந்திருக்கிறது. ஊர்ப் பெயரையே எழுதவில்லை, எந்தக் கப்பலில் ஏற்றுவது? இன்னொருவர் சருகணியைப் பாருங்கள், மருது சகோதரர்கள் நிலம் விட்ட கோயில், பாஸ்குத் தேருக்கு (ஈஸ்டர் தேருக்கு) எல்லாச் சாதியும் மதமும் வடம் பிடிக்கிறதே என்கிறார். உண்மை, நானும் பிடித்திருக்கிறேன். தேர் தெருவில் ஓடுகிறது, ஐயா. நான் வாசலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 14

நான்கு நாள் மழை. தெற்குச் சுவர் என்னவாயிற்றோ என்று மனம் அடித்துக்கொண்டது. ஆடு மேய்க்கும் பையனுக்குத் தொலைபேசியில் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "நிற்கிறது தாத்தா. கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது" என்றான். உவமை சரியாக இருந்ததால் பயம் கூடியது. பூச்சு உள்ளிருந்து விலகி உப்பிவிட்டது என்று அர்த்தம்.

இரவு அக்காளோடு பேசினேன். இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாளாம். "எல்லாம் எழுதினாய், கூட்டத்தை எழுதவில்லையே" என்றாள்.

எந்தக் கூட்டம் என்று கேட்டேன். உண்மையிலேயே நினைவில்லை. அவள் சொல்லச் சொல்ல வந்தது. பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். கீழத்தெருவிலிருந்து இரண்டு இளைஞர்கள் எழுந்து, சுவரைக் கொத்துகிற வேலையோடு வேலையாகப் பக்கவாசலை அடைத்துச் செங்கல் வைத்துப் பூசிவிடலாம், எல்லோரும் தலைவாசல் வழியாக வரலாம் என்று கேட்டார்கள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் மாமா என்னைப் பார்த்து, "என்ன அப்பு, அடைத்தால் சுவருக்கு ஆகுமா?" என்றார். படித்தவன் சொன்னால் சண்டை வராதே.

நான் சொன்னேன்: வளைவை அடைத்தால் பாரம் மாறும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாரம் மாறாது. வளைவை அடைத்தால் சுவருக்கு நல்லது. அது எனக்கு அப்போதே தெரியும். முதல் வருடப் பாடம்.

அடைக்காத வாசல் மேல்தான் அந்த அழகான சிலுவையை வைத்தேன். சமாதானத்துக்கு வைத்தேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 15

அழிக்க நினைத்து அழிக்கவில்லை.

2023 பிப்ரவரி 5

நேற்று அருளானந்தர் திருநாள். ஓரியூருக்குப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் ஏறி, வழியில் எங்கள் ஊர் விலக்கில் இறங்கிவிட்டேன். சாலையோரக் கோயில் இப்போது தளம் போட்ட கட்டடம், ஓடு பதித்த தரை, மின்விசிறி. பழைய மணி வெளியே இரும்புச் சட்டத்தில் தொங்குகிறது. விளிம்பில் என் தலை மோதிய இடத்தில் நசுங்கல் இருக்கும் என்று சின்ன வயதில் நம்பினேன். இல்லை.

கையில் ஒரு நோட்டு கொண்டுபோயிருந்தேன். அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியில் அக்காள் கண்டெடுத்து அனுப்பியது. நாற்பது பக்கம், கோடு போட்டது, 1986 வரிக் கணக்கு, என் கையெழுத்து. மேலத்தெரு 31 வீடு, வீட்டுக்குப் பத்து ரூபாய். கீழத்தெரு 22 வீடு, வீட்டுக்குப் பத்து ரூபாய். அதற்குக் கீழே: 'கீழத்தெரு ஆட்கள் 9 நாள், கூலி இல்லை.' கடைசிப் பக்கத்தில் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல். மணிக்கயிறு மாற்ற, ஊருணிப் படி பூச, பக்கவாசல். முதல் இரண்டுக்கும் எதிரே சரி போட்டிருக்கிறேன். மூன்றாவதற்கு எதிரே 'பிறகு'.

கூட்டத்தில் எழுந்து கேட்ட இருவரில் ஒருவர் இப்போது அங்கே கோயில்பிள்ளை, கோயிலைப் பார்த்துக்கொள்பவர். தலை முழுக்க வெள்ளை. மெழுகுவர்த்திக் கறையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். உடனே அடையாளம் கண்டுகொண்டார். நோட்டைக் காட்டினேன். கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார். 'பிறகு' என்ற இடத்தில் நிற்கவில்லை, அல்லது நின்று எனக்குத் தெரியவில்லை. பெயர்களை மட்டும் விரல் வைத்துப் படித்தார். இவர் இறந்துவிட்டார், இவர் திருப்பூரில் மகன் வீட்டில், இவள் என் சின்னம்மாள்.

கொண்டுவந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. வளைவு வாசல் இன்னும் நிற்கிறது, அதன் மேல் நான் வைத்த சிலுவையும் நிற்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும். ஆட்டைத் தேடிப் போகும்போது பார்ப்பேன்" என்றார். கத்தியைத் துடைத்து வைத்தார். "நடுவில் பூ மாதிரி ஒன்று அழுத்தினாயே, காசு, அது யார் காசு தெரியுமா? நான்தான் சாந்துச் சட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் கேட்டு வாங்கினாய். திருப்பிக் கொடுக்கவே இல்லை."

பத்துப் பைசா 2011லேயே செல்லாமல் போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து நீட்டினேன். அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, அளவு பெரிது, அச்சுக்கு ஆகாது என்று என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, மாலைப் பூசைக்கு மணி அடிக்கப் போனார்.